விலாசம் அண்ணனும் நான்கு பனிமலைகளும்

வட இந்தியாவில் எந்த ஊரில், எந்தச் சந்துக்குள், எந்தப் பூட்டுக்கடைக்கு எதிரில் எந்த ஏலக்காய் வியாபாரி உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த ஊர்த் தபால்காரருக்கே தெரியாமல் போகலாம். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் இருந்த விலாசம் அண்ணனுக்குத் தெரியும். பின்கோடோடு சொல்வார். இத்தனைக்கும் அவர் திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒருநாளும் போனதில்லை.

கம்பத்து ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் நான் இரண்டு வருடம் பில் போடும் வேலை பார்த்தேன். மலையிலிருந்து இறங்கும் காயைத் தரம் பிரித்து, சாக்கில் கட்டி, வடக்கே அனுப்புவது கிடங்கின் தொழில். தூரிகையைக் கறுப்பு மையில் தொட்டு, சாக்கின் மேல் வாங்குபவரின் பெயரையும் ஊரையும் எழுதுவது அண்ணனின் தொழில். முப்பது வருடமாக விலாசமே எழுதியதில் அவருடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சம்பளப் பட்டியலில் கேள்விப்படாத பெயர் ஒன்று இருந்தது. வேலையை விட்டுப்போன யாரோ என்று நினைத்து நீக்கிவிட்டேன். அந்த மாதம் விலாசம் அண்ணனுக்குச் சம்பளம் வரவில்லை.

விஷயம் தெரிந்து பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அப்படி ஒருத்தன் இருக்கான்த்தா. எப்பவாச்சும் வந்து போவான். சேத்துக்க."

அடுத்த நாளும் மன்னிப்புக் கேட்டேன். அதற்கடுத்த நாளும். ஐந்தாவது முறை நான் வருவதைப் பார்த்ததும் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். என் குணம் அப்படி. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மகள் இனியாவுக்கு அப்போது நான்கு வயது. மூச்சிரைப்பு உண்டு. கணவர் ஷார்ஜாவில். எதைக் கேட்டாலும் போனில் "நல்லா யோசிச்சுக்க" என்பார். யோசிப்பதற்கு ஆள் தேவையில்லை, அதை நான் தனியாகவே செய்துகொண்டிருந்தேன். மாடியில் ஒரு வாடகை வீடு, மாலை ஆறு மணிக்கு மேல் பேச நான்கு வயது ஆள் ஒன்று. அதுவும் எட்டு மணிக்குத் தூங்கிவிடும்.

அதனால்தானோ என்னவோ, அண்ணன் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. நாட்டையே அவர் ஏலக்காயால் பிரித்து வைத்திருந்தார்.

"ஜெய்ப்பூர்க்காரன் கலரு பாப்பான்த்தா. கான்பூர்க்காரன் வாசம் பாப்பான். டெல்லிக்காரன் காயைப் பாக்கவே மாட்டான், வெலையத்தான் பாப்பான்."

"காஷ்மீர்க்காரக?"

"டீயில போட்டுக் குடிப்பாகளாம். நல்லவுக."

காஷ்மீர் மீது அவருக்குத் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் ஒரு காலண்டர். ஜம்மு வியாபாரி ஒருவர் அனுப்பியது. ஜனவரி மாதத்துப் படத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு வெள்ளை மலையிலிருந்து வழுக்கி வந்துகொண்டிருந்தான். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பவே விடவில்லை. எங்கள் கிடங்கில் வருடம் முழுவதும் ஜனவரி. ஆடி மாதத்தில் ஒரு பில்லுக்கு நான் ஜனவரித் தேதி போட்டுவிட்டேன். மேனேஜர் கத்திக்கொண்டு காலண்டரைக் கழற்றப் போனார். அண்ணன் குறுக்கே நின்றார்.

"சார், அந்தாளு பாதி மலையில நிக்கிறான். அவன் கீழ எறங்கட்டும். பெறகு திருப்பிக்குவோம்."

ஒருநாள் மூட்டை கட்டும் பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, தூரிகையால் நான்கு பெயர் எழுதினார். குல்மார்க், சோலங், நார்கண்டா, ஔலி. நான்கும் பனிச்சறுக்கு நடக்கும் இடங்கள். கிடங்கின் பழைய ஆம்னி வேனில் கம்பத்திலிருந்து கிளம்பி நான்கையும் பார்த்துவிட்டு வருவது திட்டம். செலவு அதிகம் ஆகாதாம். லாட்ஜ் கிடையாது. நம் மூட்டை எந்தக் கடையில் இறங்குகிறதோ அந்தக் கடையில் படுக்கை. "முப்பது வருசமா நம்ம மூட்டை அங்கன படுக்குது. நாம படுத்தா என்ன?" என்றார். சாப்பாட்டுக்கு அரிசி, அடுப்பு, ஒரு தூக்கு புளிக்காய்ச்சல். காலில் கட்டும் பலகையை வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஏலக்காய்ச் சாக்குக்குள் வாசம் போகாமல் இருக்க வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் உறை போடுவோம். அதை வெளியே எடுத்து, சாக்கின் அடியில் தைத்து, மேலே உட்கார்ந்துகொண்டால் தீர்ந்தது.

மேனேஜர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். ஜெய்ப்பூர், பூட்டுக்கடை மாடி. சிம்லா, பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம். இமாச்சலத்து மண்டி, படிக்கட்டு ஏறி இடது கை. இப்படியே போனது. ஒரு சாலைகூட இல்லை.

"ஏய்யா, ஜெய்ப்பூர்ல இருந்து சிம்லாவுக்கு எப்படிப் போவ?"

"அது லாரிக்காரன் பாடு சார். நமக்கு எறங்குற எடந்தானே முக்கியம்."

இதில் ஒரு அவசரமும் இருந்தது. அண்ணனின் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. பொங்கல் கழிந்ததும் மாற்றியே ஆகவேண்டும் என்று தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றிய பிறகு மலையேறுவது, சறுக்குவது எல்லாம் கூடாது. அண்ணனுக்கு வேறு கவலை: "இரும்பு மூட்டு வச்சிருவாகளாம்த்தா. பனியில துருப் பிடிக்கும்." ஆக, இந்த வருடத்துப் பனிதான் கடைசி.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். மார்கழி நெருங்க நெருங்க ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்குத் திராட்சைக் கொடியில் கவாத்து. ஒருவருக்குக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. காய் பொறுக்கும் பெண்களில் மூத்தவரான பேச்சியக்காவுக்கு மகளின் வளைகாப்பு.

"அம்புட்டு ஆசையின்னா தனியாப் போயிட்டு வாங்களேன்," என்றார் பேச்சியக்கா. "உங்களப் புடிச்சா வச்சிருக்கோம்?"

அண்ணன் தனியாக டீக்கடைக்குக்கூடப் போகமாட்டார். "தனியாப் போயி என்னத்தப் பாக்க? 'ஏ, பாரு'ன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல. இல்லைன்னா பனி பாட்டுக்குப் பனியா இருக்கும், நான் பாட்டுக்கு நானா இருப்பேன்."

பதினொன்று இரண்டாகியது. அந்த இருவர் இனியாவும் நானும். நான் பெயர் கொடுக்கவே இல்லை. பள்ளிவிட்டு வந்து கிடங்கில் உட்கார்ந்திருக்கும் இனியாதான் இருவருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லியிருந்தாள். சொந்தக்காரர் இல்லாத ஓர் ஆளோடு வடக்கே போவது முறையா, குளிரில் குழந்தைக்கு இரைக்காதா என்று நான் இரண்டு நாள் யோசித்து, மூன்றாவது நாள் மறுக்கப் போனேன். தாளில் எங்கள் பெயரை எழுதி முடித்திருந்தார். இனியாவுக்கு ஒரு குரங்குக் குல்லாவும் வாங்கி வைத்திருந்தார்.

அந்த வாரமே எங்களுக்கு விசா வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் ஷார்ஜாவுக்குப் போகவேண்டும். அண்ணனிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் இருவரும் போனால் அவருக்கு ஆளே இல்லை. ஆள் இல்லாமல் அவர் போகமாட்டார். போகாவிட்டால் காலைத் திறந்து இரும்பை வைத்துவிடுவார்கள். மூன்று வாரம் தினமும் சொல்லத்தான் போனேன். தினமும் அவர் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் சொல்வதற்குள் அவர் ஒத்திகை அறிவித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் மூன்று இடங்கள். சறுக்குவதற்கு மார்க்கையன்கோட்டை, குளிருக்குச் சுருளிப்பட்டி, உயரத்துக்கு லோயர் கேம்ப். ஆம்னியில் அண்ணன், நான், இனியா, "என்னதான் கூத்து அடிக்கிறீகன்னு பாக்கிறேன்" என்று ஏறிக்கொண்ட பேச்சியக்கா. இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று தீர்ந்துபோனால் இன்னொன்று. இரண்டும் தீர்ந்துபோனால் என்று யோசித்ததில் சின்னமனூர் வந்ததே தெரியவில்லை.

மார்க்கையன்கோட்டையில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மேடு இருந்தது. இரண்டு ஆள் உயரம். வாட்ச்மேன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

"எதுக்கு வந்தீக?"

"பனிச்சறுக்கு."

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். பிறகு பேச்சியக்காவைப் பார்த்தார்.

"அவரு போக்குல விடுங்க," என்றார் பேச்சியக்கா. "கால் ஆப்பரேசனுக்கு முந்தி ஆசைப்படுறாக."

முழங்கால் மடங்காததால் அண்ணனை நாங்கள் இருவரும் முதுகில் கைகொடுத்துத் தள்ளி ஏற்றினோம். உச்சியில் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். சாக்கில் சிம்லா என்று எழுதியிருந்தது. கையை அகல விரித்தார், காலண்டர்க்காரனைப் போலவே. அரை மேடு வரை நன்றாகத்தான் வந்தார். அதற்குப் பிறகு மேடும் அவரோடு சேர்ந்து வந்தது. புழுதி அடங்கியபோது குல்லா மட்டும் தெரிந்தது.

"வேகம் பத்தல," என்றது உமிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நெசப் பனியில இப்படிப் பொதைஞ்சா," என்றார் பேச்சியக்கா, "உங்கள எந்த விலாசத்துக்கு அனுப்புறது?"

அண்ணனை வெளியே இழுத்துத் தட்டி முடித்ததும் இனியா சாக்கை எடுத்துக்கொண்டாள். என் மனதில் தூசி, மூச்சிரைப்பு, கண்ணில் உமி, கணவரிடம் என்ன சொல்வது என்று வரிசையாக வந்தன. கூடாது என்றேன். அவள் ஏறத் தொடங்கியிருந்தாள். வேறு வழியில்லாமல் என் துப்பட்டாவால் அவள் மூக்கைக் கட்டி, நானும் ஏறி, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து வயலும் வாழையும் தெரிந்தன, இரண்டு பக்கமும் மலை தெரிந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்த நொடியில் சாக்கு கிளம்பிவிட்டது.

"அண்ணே, பாருங்க! பாருங்கண்ணே!" என்று யாரோ ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அப்படிக் கத்தி எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. கணவர் போனில் கூப்பிடும் நேரத்துக்குள், பாருங்க என்று காட்ட இருந்தது எதுவானாலும் போயிருக்கும். "இன்னைக்கு என்ன விசேசம்?" என்பார். ஒன்றுமில்லை என்பேன்.

இனியாவுக்கு இரைக்கவில்லை. எனக்குத்தான் இரைத்தது.

சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டிகள் வைக்கும் குளிர்க்கிடங்கு. அரை மணி நேரம் உள்ளே நின்றால் காஷ்மீருக்குத் தயார் என்பது அண்ணன் கணக்கு. பேச்சியக்கா நான்கு நிமிடத்தில் வெளியே வந்து, "இதுக்குக் காசு குடுத்து காஷ்மீரு போகணுமாக்கும்?" என்று வெயிலில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையை உள்ளே விடாமல் நானும் வாசலில் நின்றேன். நேரம் ஆக ஆக எனக்குப் பயம் வந்து, கதவைத் திறக்கச் சொன்னேன். அண்ணன் உதடு நீலம் பாரித்து, ஒரு பெட்டியின் மேல், பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குண்ணே ஓரமா உக்காந்திருக்கீக?"

"நீ வருவேன்னு எடம் போட்டு வச்சேன்த்தா."

அதற்கு மேல் என்னால் தள்ளிப்போட முடியவில்லை. லோயர் கேம்ப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறக்கும் பெரிய குழாய்கள் எதிரே தெரிந்தன. பேச்சியக்கா இனியாவுக்குப் பன் வாங்கப் போயிருந்தார். அண்ணன் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத் தண்ணியும் சறுக்கிக்கிட்டுத்தான் வருது பாரு. அதுக்கு எவன் பழக்குனான்?"

"அண்ணே, நாங்க வரலண்ணே. விசா வந்திருச்சு. இன்னும் பத்து நாள்ல கிளம்புறோம்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்த்தா. மூணு வாரமாத் தெரியும். அந்தப் பானையில நீ ஒருத்திதான் அம்புட்டுத் தண்ணி குடிச்ச." பிறகு கேட்டார்: "அங்கன விலாசம் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஷார்ஜா என்பது மட்டும் தெரியும். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"விலாசம் தெரியாமயா பிள்ளையக் கூட்டிட்டுப் போற? படிச்ச பிள்ளதானே நீ. ஒரு ஏலக்காய் மூட்டையக்கூட நான் அப்படி அனுப்பினதில்ல. போனைப் போடு."

கணவரைக் கூப்பிட்டேன். அங்கே வீட்டுக்குத் தபால் வராது, கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி எண் உண்டு, பின்கோடு கிடையாது என்றார். அண்ணனால் நம்பவே முடியவில்லை.

"பெட்டி நம்பரா? மாப்பிள, நீங்க பெட்டிக்குள்ளயா குடியிருக்கீக?"

வேன் கம்பத்துக்குத் திரும்பியது. கூடலூர் தாண்டியதும் நான், "தாள்ல எங்க பேரை அழிச்சிருங்கண்ணே, வேற யாராச்சும் வந்தா எழுதலாம்," என்றேன். "மை காஞ்சிருச்சுத்தா. இனி அழியாது," என்றார்.

வேறு யாரும் வரவில்லை. அண்ணன் போகவில்லை. பொங்கல் முடிந்து தேனியில் முழங்காலை மாற்றினார்கள். பேச்சியக்கா வாய்ஸ் மெசேஜில் சொன்னார்: "நல்லா இருக்காக. துருப் பிடிக்குமான்னு டாக்டருகிட்ட கேட்டுட்டாக."

ஷார்ஜாவில் எங்கள் வீடு பதினோராவது மாடி. சன்னல் ஒரு சாண்தான் திறக்கும். கணவர் விடியும்முன் போய் இருட்டிய பிறகு வருவார். பக்கத்தில் ஆள் இருந்தால் தனிமை தீர்ந்துவிடும் என்று கம்பத்தில் நினைத்திருந்தேன். இங்கே வந்ததும், வந்தது சரியா என்று யோசிக்கத் தொடங்கினேன். நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் புன்னகை செய்வார்கள், லிஃப்டுக்குள் போய்விடுவார்கள். கதவுகளில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது.

ஒரு விடுமுறை நாளில் கணவர் எங்களைத் துபாயில் ஒரு பெரிய கடைவளாகத்துக்குக் கூட்டிப்போனார். பாலைவனத்து நடுவே, கட்டடத்துக்குள்ளே, ஒரு பனிமலை. மனிதர்கள் காலில் பலகை கட்டிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், காலண்டரில் இருந்தது போலவே. இனியா கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சாக்கு எங்கம்மா?"

எனக்கு உடனே அண்ணனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடலாமா, அவருக்கு இது வலிக்காதா என்று யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது. வீடியோவில் கிடங்கு தெரிந்தது. அண்ணன் கைத்தடியோடு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பாருங்க," என்று போனைத் திருப்பினேன்.

கிடங்கே அதிரும்படி ஒரு குரல் கேட்டது. "ஏ பேச்சி! இங்கன வா. ஏ, பாரு. பாரு இங்க." பேச்சியக்கா வந்தார். மேனேஜர் வந்தார். காய் பொறுக்குகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணன் காட்டினார், தானே ஏற்பாடு செய்த பனி என்பது போல.

"நல்லா வழுக்குதா?"

"தெரியலண்ணே. நாங்க கண்ணாடிக்கு இங்கிட்டு நிக்கிறோம்."

"சாக்கு இல்லாம எப்படிப் போவீக," என்றார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எதற்கு எதிரில், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் சன்னல். சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துக் கணவரின் கம்பெனிக்கு ஒரு பார்சல் வந்தது. துணியைப் பிரித்தால் உள்ளே ஏலக்காய்ச் சாக்கு, அடியில் பிளாஸ்டிக் தைத்தது. வீடு முழுக்க வாசம். அதை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் அந்தப் பனிமலைக்குப் போனோம். இதை உள்ளே அனுமதிக்க முடியாது என்று வாசலில் வேலை பார்க்கும் பையன்கள் மரியாதையாகச் சொன்னார்கள். இனியா அவர்களிடம் நெடுநேரம் வாதாடினாள். நானும், எனக்கே ஆச்சரியமாக, கொஞ்சம் வாதாடினேன்.

இப்போது சாக்கு எங்கள் வீட்டுக் கதவில் தொங்குகிறது. வெளிப்பக்கம் மாட்டினால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று யோசித்து உள்பக்கமாக மாட்டினேன். அதன் மேல் அண்ணனின் தூரிகை எழுத்து: முதல் வரியில் இனியாவின் பெயர், அதற்குக் கீழே என் பெயர், பெட்டி எண். பிறகு, சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரில், பதினோராவது மாடி, சன்னலில் பச்சைத் துணி காயும் வீடு. பின்கோடு இல்லாமல் ஒரு விலாசத்தை முடிக்க அண்ணனுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. கடைசி வரியில் ஷார்ஜா என்று எழுதி, பக்கத்தில் கம்பத்துப் பின்கோடைப் போட்டிருந்தார்.